பதினாலு தகடு

சித்திரை விழாவுக்கு வெள்ளைத்தாள் வாங்க
விளையாட்டுக் கழகத்திடம் காசில்லை.
கந்தோரில் குவிந்து கிடந்த பழைய நகல்களை
நான்தான் அள்ளிக் கொடுத்தேன்.
ஒரு பக்கம் எழுதியது, மறுபக்கம் வெறுமை.
வெறும் பக்கத்தில் கோடிழுத்து
நடை, கூந்தல், சிரிப்பு, முகப்பொலிவு,
கட்டத்துக்குப் பத்து.
முகப்பொலிவு என்றால் என்னவென்று
ஒருவரும் கேட்கவில்லை.
தெரியாமலா.

நடுவர் மூவர்.
வங்கி முகாமையாளர்,
களுவாஞ்சிக்குடியில் அழகுநிலையம் வைத்திருக்கும் அம்மணி,
மண்டூர் விதானை, நான்.
எனக்கு முன்பல் இரண்டில் வெற்றிலைக் கறை,
வயிறு மேசையில் முட்டும்.
அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

ஒலிவாங்கி கோகுலராஜின் கையில்.
"இலக்கம் ஆறு! தென்னம்பிள்ளை தோத்துப்போகும்!"
"இலக்கம் ஒன்பது... கொஞ்சம் கருக்கல்தான்,
ஜெனரேட்டரைக் கூட்டிப் போடுங்கடா!"
மைதானம் சிரித்தது.
கயிற்றுக்கு அப்பால் அவளுடைய சின்னத் தம்பி
எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

ஒன்பது, நாகதர்சினி.
கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகிறவள்.
முதற்பரிசு காஸ் அடுப்பு.
அதற்காகத்தான் வந்தவள் என்று
பின்னால் யாரோ சொன்னார்கள், களவு பிடித்ததுபோல.
வேறெதற்கு வருவது?

மேசைக்குக் கிட்ட வந்து நின்று
சிரிக்க வேண்டும் என்பது விதி.
வந்தாள், சிரித்தாள்.
"ப்ளீச் பண்ணினா எடுபடும்" என்றார் அம்மணி,
குரலைத் தாழ்த்தாமல்.
தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து
விளிம்புக்கு மேலால் அவளைப் பார்த்தேன்.
பிறகு கீழே வைத்து நாலு போட்டேன்.
பேனை அழுந்தியது.
அவள் கண் என்னில் இல்லை, தாளில் இருந்தது.
வெட்கம் என்று நினைத்தேன்.

அடுப்பு ஆறாம் இலக்கத்துக்குப் போனது.

வெள்ளம் வந்த வருடம்
அவள் வீட்டுக்கும் போயிருக்கிறேன்.
செருப்பைக் கழற்றி, வரலாமா என்று கேட்டு,
சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டை
நாடா பிடித்து அளந்தேன்.
முழுச்சேதமா பகுதிச்சேதமா என்று
மேலதிகாரியோடு இரண்டு தரம் வாதாடினேன்.
பட்டியலை மரத்தில் ஒட்டி
இரண்டு கிழமை தவணையும் விட்டேன்,
ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதித் தரலாம் என்று.
ஒரு மண்சுவருக்கு
இவ்வளவும் செய்தவன்தான்.

திங்கட்கிழமை கந்தோருக்கு வந்தாள்.
"சேர், அண்டைக்குப் புள்ளி போட்ட தாள் எங்க?"
கேட்டால் எட்டு என்று சொல்வோம்,
பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டேன்.
"அதிர மத்தப் பக்கத்தில எங்கட வீடு கிடந்திச்சி.
கூரைத்தகடு பதினொண்டு எண்டு போட்டிருக்கிறீங்க.
பதினாலு, சேர்.
பட்டியல் ஒட்டக்குள்ள நான்
அம்மாவோட ஆசுபத்திரியில.
மூண்டு தகட்டுக் காசு இன்னும் வரல்ல."

நான் அவளைப் பார்த்த அந்த அரை நிமிடத்தில்
அவள் தன் வீட்டை
எழுத்துக்கூட்டி வாசித்து முடித்திருந்தாள்,
கோகுலராஜ் கத்திக்கொண்டிருக்க,
சிரித்துக்கொண்டே.

கட்டைக் கிளறித் தாளை எடுத்தேன்.
வீட்டுப் பக்கத்தை மேலே வைத்தேன்.
அந்தப் பக்கத்து நாலு
இந்தப் பக்கம் புடைத்து நின்றது,
இடம் வலம் மாறி,
கூரை என்ற சொல்லை மிதித்துக்கொண்டு.
உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிட்டு
மற்றக் கையால் பேனையைத் தேடினேன்.

"கைய எடுங்க, சேர்.
அது நாலு எண்டு எனக்குத் தெரியும்.
தகட்டைத் திருத்துங்க."